மூக்கன் காசு

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் சரியில்லை. ஆள் பார்த்து வாரிவிடும். இதில் உட்காருங்க. வீட்டில் வேற ஆள் இல்லை. சம்சாரம் போய்ச் சேர்ந்து வெகு நாளாச்சு. டீ நானே போடலாம்தான். ஆனால் நான் போட்ட டீயைக் குடித்த தபால்காரர் ஒருத்தர் மறுவாரமே மாற்றல் வாங்கிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டார். அதனால் நீங்கள் பச்சைத் தண்ணியே குடிங்க.

கரூர் பஸ் ஸ்டாண்டில் என்னை விசாரித்திருந்தால், "ரோமாபுரிக்காரர் வீடுங்களா?" என்று கேட்டிருப்பார்கள். இந்த ஊருக்குள் விசாரித்திருந்தால், "புளுகுணி சென்னியப்பன் வீடா?" என்று கேட்டிருப்பார்கள். இரண்டும் நான்தான். ரெண்டாவது பேர் பொறாமையில் வைத்தது. நம்ம வாயில் ஒரு சங்கதி விழுந்தால் அது கொஞ்சம் சதை போட்டு வெளியே வரும், அவ்வளவுதான். எலும்பையே பார்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பிடிக்கும், சொல்லுங்க.

சுவரைப் பார்க்காதீங்க, நீங்கள் ஆராய்ச்சிக்குத் தேடி வந்த ரோமாபுரிக் காசு இங்கே இல்லை. அது இரண்டு துண்டாகி ஆத்துமேட்டு அம்மன் கோயிலில் கிடக்கிறது. முகம் ஏன் இப்படிப் போகிறது? அவசரப்படாதீங்க. வந்ததுக்குக் கதையாவது கேட்டுக்கொண்டு போங்க. அந்த போனைப் பக்கத்தில் வையுங்க, என் குரல் கொஞ்சம் கம்மிவிட்டது.

அமராவதி ஆற்றில் பெருவெள்ளம் வந்த வருஷம். எருமை மிதந்து வருகிறது. எருமை முதுகில் ஒரு நாகம், படம் எடுத்தபடி. வெள்ளத்தில் குதித்தேன். சுழி என்னைப் பிடித்து அடிக்கே கொண்டுபோய்விட்டது. அங்கே ஆள் நீளத்துக்கு ஒரு விரால். நான் அதைப் பார்க்க, அது என்னைப் பார்க்க, கடைசியில் அதுதான் வாயைத் திறந்தது. உள்ளே பளபளவென்று ஒரு வெள்ளிக்காசு. கையை விட்டு எடுத்தேன். இது பத்திரிகைக்காரருக்குச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் சொல்லும்போது பிள்ளைகள் பயப்படும் என்று நாகத்தை எடுத்துவிடுவேன். மாதர் சங்கத்தில் எருமையையும் எடுத்துவிட்டேன். விராலை மட்டும் எங்கேயும் விட்டதில்லை.

சிரிக்கிறீங்க. படித்தவர், உங்களுக்கு மீன் இறங்காது. சரி, மீனில்லாமல் சொல்கிறேன்.

வெள்ளமெல்லாம் வடிந்து, கோடை வந்து, ஆறு வெறும் மணலாகக் கிடந்த காலம். அப்போதெல்லாம் குடிக்கிற தண்ணிக்கு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். அது பெண்பிள்ளைகள் வேலை. ஆண்பிள்ளை குடம் எடுத்துக்கொண்டு போனால் பனைமரம்கூடச் சிரிக்கும். எங்கள் வீட்டில் அம்மாவும் என் தங்கச்சி பாவாத்தாளும் போவார்கள். அன்றைக்கு மட்டும் நான் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீங்க, போனேன். கொட்டாங்குச்சியால் மணலைச் சுரண்டச் சுரண்டத் தண்ணி ஊறும். முதலில் கலங்கலாக வரும். குழிக்குள்ளேயே குத்தவைத்துக்கொண்டு அது தெளிகிற வரைக்கும் காத்திருக்கணும். தெளிந்ததும் முதலில் நம்ம முகம் தெரியும், அப்புறம்தான் அடி தெரியும். அன்றைக்கு முகத்துக்கு நேர் கீழே இன்னொரு முகம். வெள்ளையாக, சின்னதாக, பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு. ஈரப் பாவாடையோடு ஓடி வந்து அம்மாவிடம் காட்டினாள்... காட்டினேன். அவளும் கூட ஓடி வந்தாள். சின்னப் பிள்ளை, நான் எங்கே ஓடினாலும் பின்னாலேயே ஓடி வருவாள்.

அம்மா காசை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஒரு ராஜா தலை. தடித்த கழுத்து, தலையில் இலைக் கிரீடம், நெற்றியிலிருந்து நேராக இறங்குகிற மூக்கு. "யார்றா இவன், இந்தத் தண்டி மூக்கு வெச்சிருக்கான்" என்றாள். அன்றிலிருந்து அவன் பேர் மூக்கன். ரோமாபுரியில் அவனுக்கு என்ன பட்டப்பேரோ, எங்கள் வீட்டில் அதுதான் பேர்.

மூக்கனைச் சும்மா வைத்திருந்தோம் என்று நினைத்தீங்களா. எங்கள் வீட்டில் சும்மா இருந்த சீவன் நான் ஒருத்தன்தான். பாவாத்தாளுக்கு நொண்டி ஆடச் சில்லு அவன். யாராவது விழுந்து நெற்றி புடைத்தால் அவனைத்தான் வைத்து அழுத்துவார்கள், வெள்ளி குளிர்ச்சியாக இருக்கும். அடிப்பிடித்த சட்டியை அவன் விளிம்பால்தான் அம்மா சுரண்டுவாள். வாய்க்கால் தண்ணி முறைக்குப் பூவா தலையா போட்டதும் அவனை வைத்துத்தான். தலை விழுந்தால் எங்கள் முறை. ஏன் தம்பி பல்லைக் கடிக்கிறீங்க? அவன் முதுகில் எழுத்து இருந்ததெல்லாம் எங்களுக்கு என்ன தெரியும். சட்டி சுத்தமாச்சு.

அவனுடைய நிரந்தர உத்தியோகம் இட்லிக் குண்டாவில். அது உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. இட்லி வேகும்போது குண்டாவுக்குள் தண்ணி இருக்கா, வற்றிவிட்டதா என்று வெளியிலிருந்து தெரியாது. அதுக்காக அடியில் ஒரு காசைப் போட்டுவைப்பார்கள். தண்ணி கொதித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் காசு கடகடவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணி தீர்ந்தது. ஓடிப் போய் இறக்கணும். அப்போது இட்லி என்றால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அந்த நாட்களில் விடியற்காலையில் மூக்கன் ஆடுகிற சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம். "மூக்கன் ஆடறான், இன்னும் நேரமிருக்கு, தூங்குங்க" என்பாள் அம்மா.

பாவாத்தாளைக் கட்டிக் கொடுத்தபோது அம்மா அந்தக் குண்டாவையே சீராகக் கொடுத்தாள். உள்ளே மூக்கனும் போனான். தங்கச்சிதானே, வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நான் எடுத்த காசை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன் பாருங்க, அதை யாரும் இன்றைக்குப் பேசுவதில்லை.

அவள் புருஷன் லாரி ஓட்டினவர். ஒருநாள் லாரியோடு போய்ச் சேர்ந்துவிட்டார். கையில் ஒரு பெண்பிள்ளை, கோகிலவாணி. பாவாத்தாள் அழுது முடித்துவிட்டு அந்தக் குண்டாவை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தாள். புளியமரத்தடியில் இட்லிக்கடை போட்டாள். நல்ல கைப்பக்குவம். நான் தினமும் காலையில் போவேன். அண்ணன் ஒருத்தன் அங்கே உட்கார்ந்திருந்தால்தானே ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பு. சாப்பிடத்தான் போனேன் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

ஒருநாள் கல்லூரி வாத்தியார் ஒருத்தர் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டு இட்லி சாப்பிட வந்தார். பாவாத்தாள் குண்டாத் தண்ணியைக் கீழே ஊற்றினாள். மூக்கன் அவர் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தான். அந்த மனுஷர் கையில் இருந்த இட்லியைப் போட்டுவிட்டுத் தரையில் மண்டியிட்டார். "அம்மா, இது எங்கே கிடைச்சுது?" என்றார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அவளுக்குப் பேச்சு நிதானமாக வரும் தம்பி, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருப்பாள். வாத்தியாருக்கோ பஸ் வந்துவிடும். அதனால் நான் சொன்னேன். எருமை, நாகம், சுழி, விரால் எல்லாம் அன்றைக்குத்தான் முதன்முதலில் வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. வாத்தியார் அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டார்.

அவர் பத்திரிகைக்காரரைக் கூட்டிவந்தார். படம் எடுத்தார்கள். மூக்கனை என் நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் தோளுக்குப் பின்னால் கரண்டியோடு ஒரு கை மட்டும் தெரியும். அது பாவாத்தாள் கைதான். முகம் விழவில்லை, அது படம் எடுத்தவன் தப்பு. அன்று சாயங்காலம் கடையைக் கட்டும்போது அவள் கேட்டாள், "ஏண்ணா, அந்த ஊத்துக்குழியில நானும் இருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்று. "அடுத்த தடவை சொல்றேன் பாப்பா" என்றேன். சொல்லியிருப்பேன். ஆனால் சுழிக்குள் போகிற கதையில் கொட்டாங்குச்சியோடு ஒரு சின்னப் பெண்ணை எங்கே நிறுத்துவது, நீங்களே சொல்லுங்க.

அப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழா, கோயில் கும்பாபிஷேகம், மில் தொழிலாளர் கூட்டம், எல்லா இடத்திலும் ரோமாபுரிக்காரர் பேசணும். பேசணும் என்றால் காசு வேணும். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் குண்டாவிலிருந்து மூக்கனை எடுத்துக்கொண்டு போவேன். அன்றைக்கோ மறுநாளோ கொண்டுவந்து போட்டுவிடுவேன். ஒரு தடவை திண்டுக்கல் பக்கத்தில் கூப்பிட்டார்கள். மாலை மரியாதையெல்லாம் செய்தார்கள், கிளம்ப மனசு வரவில்லை. காலையில் கொண்டுவந்துவிடுகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். எந்தக் காலை என்று சொல்லவில்லை.

நான் வராத அந்தக் காலையில் குண்டாவில் சத்தமில்லை. அவள் காது அந்தச் சத்தத்துக்குப் பழகின காது, சத்தம் இருந்து நின்றால்தான் எழுந்து ஓடும். கோகிலாவுக்குத் தலை பின்னிக்கொண்டு இருந்திருக்கிறாள். தண்ணி வற்றிப்போய், குண்டா அடியோடு பழுத்து, தூக்கப் போனவள் கை அப்படியே ஒட்டிக்கொண்டது. வலது கை. இங்கே, இந்த உள்ளங்கை முழுக்க.

நான் கேட்கிறேன், வேற ஒரு காசைப் போட்டால் ஆடாதா? குண்டாவுக்கு என்ன ரோமாபுரியா தெரியும்? ஆஸ்பத்திரியில் அவளிடமே கேட்டேன். "நீ காலையில கொண்டாறேன்னு சொன்னியேண்ணா" என்றாள். கட்டுப் போட்ட கையை வயிற்றுமேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள். அப்புறம், "அண்ணா, நாம ரெண்டு பேருதான் இருக்கோம். அந்தக் காசை எடுத்தது யாரு?" என்று கேட்டாள்.

சிரிப்பு வந்துவிட்டது தம்பி. கை வெந்து கிடக்கிறவள் கேட்கிற கேள்வியா அது? "ஊருக்கே தெரியுமே பாப்பா, நான்தான்" என்றேன். அவளைச் சிரிக்கவைக்க விராலைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னேன். அவள் மூக்கனைக் கேட்டாள். கொடுத்தேன். இடது கையில் வாங்கி இறுக்கி மூடிக்கொண்டாள்.

உங்கள் பக்கத்தில் காசு வெட்டிப் போடுகிற பழக்கம் உண்டா? இங்கே உண்டு. ஒருத்தன் நமக்கு அநியாயம் பண்ணிவிட்டான், கேட்க நாதியில்லை என்றால் அமாவாசை அன்றைக்கு ஆற்றில் முழுகி, ஈரத்துணியோடு ஆத்துமேட்டு அம்மன் முன்னால் போய் நிற்கணும். இன்னாருக்கும் எனக்கும் இனி இல்லை என்று சொல்லி ஒரு காசைக் கல்லில் வைத்து உளியால் இரண்டாக வெட்டணும். துண்டுகளை அம்மன் சூலத்தடிக் குழியில் போட்டுவிட்டால் முடிந்தது. அப்புறம் அந்த இரண்டு பேரும் பேசக்கூடாது, ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் தண்ணி குடிக்கக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் படி ஏறக்கூடாது. மீறினால் அம்மன் பார்த்துக்கொள்வாள். சாதாரணமாகப் பங்காளிக்குப் பங்காளி வரப்புத் தகராறில் வெட்டுவான். அண்ணனுக்கு எதிராகத் தங்கச்சி வெட்டி நான் கேள்விப்பட்டதில்லை.

அவள் வெட்டினாள். பூசாரி எவ்வளவோ சொன்னானாம், இது வெள்ளி ஆத்தா, நான் ஒரு ரூபாய்க் காசு தர்றேன், அதை வெட்டிக்கோ என்று. வழக்கு இந்தக் காசுமேலதான், இதையே வெட்டறேன் என்றாளாம். வெந்த கையால் உளியைப் பிடிக்க முடியாமல் பூசாரியைப் பிடிக்கச் சொல்லி, இடது கையால் சுத்தியலைப் போட்டிருக்கிறாள். சரியாக மூக்கன் கன்னத்துக்குக் குறுக்கே. ஐயோ என்கிறீங்க. நீங்கள் மூக்கனுக்காக என்கிறீங்க.

அதுக்கப்புறம் நான் அந்தப் புளியமரத்தடி வழியாகப் போனால் எதிர்ப்பக்கம் இறங்கி நடப்பேன். அவள் குனிந்துகொள்வாள். கோகிலா பெரிய மனுஷியானாள். தாய்மாமன் சீர் நான் கொண்டுபோகணும். எங்கள் பங்காளி பொன்னுச்சாமி கொண்டுபோனான். கல்யாணம் வந்தது. மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து கெட்டிமேளம் கேட்டேன். நீங்க ஏன் உள்ளே போகலை என்று கேட்டவர்களிடம், ஒரு மந்திரி என்னைப் பார்க்க வருகிறார், அதனால் இங்கேயே காத்திருக்கிறேன் என்று சொன்னேன். நம்பினார்கள். நான் சொன்னால் நம்புவார்கள்.

இந்த ஆடியில் கோகிலா வந்தாள். வாசலுக்கு வெளியே, தெருவிலேயே நின்றுகொண்டாள். தாயைப் போலவே நிதானமான பேச்சு. "மாமா, அம்மாவுக்கு வயித்துல கட்டி. முத்திப்போச்சுன்னு சொல்லிட்டாங்க. காசை எடுத்துக்கறேன்னு சொல்லுது. வர்றீங்களா?"

வெட்டின காசை எடுக்கவும் முறை இருக்கிறது. வெட்டினவரும் வெட்டுப்பட்டவரும் ஒன்றாகத் தலைக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டு அம்மன் முன்னால் நிற்கணும். எதுக்காக வெட்டினது என்று நடந்ததை நடந்தபடி சொல்லணும். ஒரு சொல் கலப்படம் இருந்தாலும் எடுபடாது. அப்புறம் பூசாரி குழியிலிருந்து துண்டுகளை எடுத்துக் கையில் கொடுப்பான். உறவு சேர்ந்தது.

நான் முதல் பஸ்ஸிலேயே கோயிலுக்குப் போய்விட்டேன். பாவாத்தாளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். தம்பி, அவள் பாரியான உடம்புக்காரி. அந்த ஆளைக் காணோம். ஒரு புடவையை நாற்காலியில் உட்காரவைத்த மாதிரி இருந்தாள். கோகிலா அவள் தலையில் ஒரு செம்பு ஊற்றினாள், என் தலையில் ஒரு செம்பு ஊற்றினாள். அவள் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. பூசாரி, வெட்டினவங்க சொல்லுங்க ஆத்தா என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டாள். "நான் சொல்லலை. அவன் சொல்லட்டும். அவன் சொன்னாப் போதும், நான் எடுத்துக்கறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மனைப் பார்த்தேன். மனசார ஒரு முடிவுக்கு வந்தேன் தம்பி. அவளுக்காக எருமையை விட்டேன். நாகத்தை விட்டேன். சுழியை விட்டேன். விரால், இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்ட விரால், அதையும் அந்தப் படியிலேயே விட்டுவிட்டேன். ஒரு அலங்காரம் இல்லாமல் சொன்னேன்: கோடைக் காலம், ஊற்றுக்குழியில் இறங்கினேன், கொட்டாங்குச்சியால் தோண்டினேன், தண்ணி தெளிஞ்சுது, அடியில் காசு கிடந்தது, எடுத்தேன்.

இதில் என்ன கலப்படம்? கண்ணை மூடினால் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. அந்தக் குளிர்ந்த தண்ணிகூட இந்த விரலில் தெரிகிறது. வேற மாதிரி தெரிந்தால்தானே வேற மாதிரி சொல்ல முடியும்.

பாவாத்தாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தாலும் தேவலை. நான் சின்ன வயசில் பொய்க்காய்ச்சல் என்று படுத்திருக்கும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். "நல்லாத்தான் சொல்றே அண்ணா" என்றாள். அப்புறம் மகளைப் பார்த்து, "என்னைத் தூக்கு கண்ணு, குளுருது" என்றாள். பூசாரி குழிக்குள் விட்ட கையை வெறுங்கையாக வெளியே எடுத்தான்.

ஆட்டோவில் ஏற்றும்போது தலையை வெளியே நீட்டி, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். காசு எடுபடாமல் பேசக்கூடாது. பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் இல்லை என்று சொல்வதுக்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. உண்மையிலேயே சாப்பிடவில்லை தம்பி. அன்றைக்குக் காலையில் ஒன்றுமே சாப்பிடவில்லை.

ஐப்பசியில் போய்விட்டாள். எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை, பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரியும். பொறந்த வீட்டுக் கோடி போடணுமே. கூடப் பிறந்தவன் கொண்டுவருகிற புடவையைப் போர்த்திய பிறகுதானே ஒரு பெண்ணை எடுப்பார்கள். கரூருக்குப் போய்ப் புடவை எடுத்தேன். கடைக்காரப் பையன் என்ன விசேஷம் என்று கேட்டான், தங்கச்சி புதுவீடு குடிபோகிறாள் என்று சொன்னேன். வாய் அப்படிப் பழகிவிட்டது. "உங்க தங்கச்சிக்கு என்ன கலருங்க பிடிக்கும்?" என்றான். நான் அடுக்கியிருந்த புடவைகளை மாறி மாறிப் பார்த்தேன். அவனே ஒன்றைக் கட்டிக் கொடுத்தான்.

அவள் வீட்டு வாசலில் பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். காசு எடுபடலை சென்னியப்பா, அம்மன் குத்தம் ஆகும், உன் கையால வேண்டாம் என்றார்கள். கோகிலா வாசல்படியில் நின்று என்னைப் பார்த்தாள். அவள் வா என்று சொல்லியிருந்தால் நான் அம்மனையும் பார்த்திருக்க மாட்டேன், ஆத்தாளையும் பார்த்திருக்க மாட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். பொன்னுச்சாமிதான் கோடி போட்டான். எங்கள் பங்காளி. என் தங்கச்சியிடம் அவன் ஒரு நாள் முழுதாகப் பேசியிருப்பானா என்பது சந்தேகம்.

நான் எதிரே புளியமரத்தடியில் நின்றேன். அவள் கடை போட்டிருந்த இடம்தான். எடுக்கும்போது பாடை அந்த வழியாகத்தான் வரணும். ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று நின்றேன். பறை அடிக்கிறவர்கள் டீ குடிக்க வந்தார்கள். வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். ஒருத்தர், "நீங்கதானே அந்த ரோமாபுரிக் காசுக்காரரு? மீன் வாயில இருந்து எடுத்தீங்களாமே?" என்றார்.

என்ன செய்வது. கேட்கிறார்களே. துக்கத்துக்கு வந்தவர்கள், வெயிலில் நிற்கிறார்கள். ஆரம்பித்தேன். எருமையிலிருந்து ஆரம்பித்தேன். அன்றைக்கு வந்த மாதிரி அந்தக் கதை எனக்கு என்றைக்கும் வந்ததில்லை தம்பி. சுழிக்குள் போகும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கே தண்ணிக்குள் இருக்கிற மாதிரி காது அடைத்தது. பறைச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. விரால் வாயைத் திறக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன், பாடை வளைவில் திரும்பிவிட்டது. பூ மட்டும் ரோட்டில் கிடந்தது.

புடவை அந்தப் பெட்டியில் இருக்கிறது. கோடி என்று எடுத்ததைக் கடையிலும் திருப்ப முடியாது, வேற பெண்பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியாது. பூசாரியிடம் கேட்டேன், சூலத்தில் கட்டிவிடட்டுமா என்று. அம்மனுக்கு ஆகாது என்கிறான். அவள் இல்லாமல் காசை எடுக்க வழி இருக்கா என்றும் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அவன் அப்பனுக்கும் தெரிந்திருக்காது. அவள் என்னைக் கேட்டது ஒரே ஒரு வார்த்தை, அதுக்கு இவ்வளவு தூரம் பிடிவாதம் பிடிப்பாளா ஒரு பெண்பிள்ளை? நானா தம்பி பிடிவாதக்காரன்?

எழுந்துவிட்டீங்களே. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. என்ன கேட்டீங்க?

கிடைத்த இடமா? காசு போனால் போகட்டும், எந்த இடத்தில் எடுத்தது என்று தெரிந்தால் போதும் என்கிறீங்க. மண்ணைப் பார்க்கணும், பக்கத்தில் வேற இருக்கா என்று பார்க்கணும். சரிதான், நல்ல வேலைதான். கல்லூரி வாத்தியார் கேட்டபோது படித்துறைக்குக் கீழே ஒரு இடத்தைக் காட்டினேன். பத்திரிகைக்காரருக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் காட்டினேன், அங்கே படத்துக்கு வெளிச்சம் நன்றாக இருந்தது. நீங்கள் அப்படி ஏதோ ஒரு இடம் வேண்டாம், சரியான இடம்தான் வேணும் என்கிறீங்க.

அவ்வளவு பெரிய ஆறு தம்பி. ஊருக்குள் இருந்த அத்தனை பெண்டுகளும் ஆளுக்கு ஒரு குழி தோண்டினார்கள். எது எந்தக் குழி என்று எனக்கு எப்படித் தெரியும்? பாவாத்தாளுக்குத்தான் தெரியும். ஐப்பசிக்கு முன்னாலே நீங்கள் வந்திருக்கக் கூடாதா. உங்கள் கையைப் பிடித்து மணலுக்குள் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். அங்கே இங்கே பார்க்காமல் நேராகப் போய், இதுதான் என்று காலை ஊன்றி நின்றிருப்பாள்.